காரின் திரையில் வரைபடம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அண்மையில் வாங்கிய காரில் பெரிய தொடுதிரை இருக்கிறது. யூஎஸ்பி வயரில் போனைச் செருகினால் சார்ஜ் ஏறுகிறதே தவிர, கூகுள் மேப்ஸ் திரையில் வரவில்லை. திரைக்கென்று தனியாக மேப் ஏற்ற வேண்டுமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: வேண்டியதில்லை. போனைக் காரின் திரையோடு இணைக்கும் ஆண்ட்ராய்டு ஆட்டோ, ஆப்பிள் கார்பிளே ஆகிய இரண்டும் 2014-இல் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து ஒரே ஏற்பாட்டில்தான் இயங்குகின்றன. வழியைக் கணக்கிடுவதும் வரைபடத்தை வரைவதும் குரல் கொடுப்பதும் போனின் வேலை. காரின் திரை அதைக் காட்டி, தங்கள் விரல் தொட்ட இடத்தைப் போனுக்குத் திருப்பிச் சொல்கிறது, அவ்வளவே. சார்ஜ் மட்டும் ஏறுகிறது என்று எழுதியிருப்பதால் முதலில் வயரைத்தான் சந்தேகிக்க வேண்டும். விலை மலிவான பல வயர்களில் மின்சாரம் செல்லும் கம்பிகள் இருக்கும், தகவல் செல்லும் கம்பிகள் இருப்பதில்லை. போனுடன் பெட்டியில் வந்த வயரைப் போட்டுப் பாருங்கள். காரில் இரண்டு மூன்று யூஎஸ்பி துளைகள் இருந்தால், அவற்றில் சில சார்ஜுக்கு மட்டுமே ஆனவை என்பதையும் கவனியுங்கள்.

அதற்கும் சரியாகாவிட்டால் போனின் சார்ஜ் துளையை வெளிச்சத்தில் பாருங்கள். பனியன் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களின் போன்களில் பஞ்சுத் தூசி அடைந்து, வயர் முழுவதும் உள்ளே போகாமல் நிற்பது சாதாரணம். போனை அணைத்துவிட்டு, மரத்தாலான பல்குத்தும் குச்சியால் மெதுவாக எடுத்துவிடலாம், ஊசி கூடாது. முதல் இணைப்பின்போது போன் கேட்கும் அனுமதிகளை, வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு வரிசையாகக் கொடுத்துவிடுங்கள். வயர் இல்லாத இணைப்பு, புளூடூத்தில் அறிமுகமாகி வைஃபையில் ஓடுவது. போன் சீக்கிரம் சூடாகும். சித்திரை வெயிலில் போனைக் கண்ணாடியோரம் வைக்காமல், ஏசி காற்றுப் படும் இடத்தில் தாழ வையுங்கள்.

கேள்வி: கல்யாணத்துக்குப் போக 'புதுப்பாளையம்' என்று போட்டுப் புறப்பட்டு, வேறொரு புதுப்பாளையத்தில் போய் நின்றோம். திரும்பும்போது திரை காட்டிய வழி தோட்டத்துக்குள் போய் முடிந்தது. இதை நம்பலாமா, கூடாதா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நானும் அப்படி நின்றவன். நம்பியூர்ப் பக்கம் உறவினர் வீட்டுச் சீருக்குப் போனபோது, தார்ச்சாலையை விட்டு இடப்புறம் திரும்பச் சொன்னது குரல். எட்டு நிமிடம் மிச்சம் என்றது திரை. திரும்பியது ஓர் இட்டேரிக்குள், தோட்டங்களுக்கு நடுவே போகும் குறுகலான மண் தடம். இருபுறமும் கிளுவை வேலி. சிறிது தூரம் போனதும் முள் கதவைக் கீறும் ஓசை உள்ளே கேட்டது. எதிரே புல்லுக்கட்டுடன் டிவிஎஸ் எக்ஸெல்லில் வந்த பெரியவர் இறங்கி நின்று, "இது மாட்டுத் தடமுங்க, வண்டி போகாதுங்க" என்றார். அவர் வழிகாட்டி நிற்க, பின்னோக்கியே ஓட்டிச் சாலைக்கு வந்து சேர்ந்தேன்.

திரைக்கு இட்டேரியும் ஒரு கோடு, மாவட்டச் சாலையும் ஒரு கோடு. தூரமும் நேரமும்தான் அதன் கணக்கு. வேலியின் அகலம் அதற்குத் தெரிவதில்லை. குறுகலான தெருக்களைச் சுட்டிக்காட்டும் வசதியை 2024-இல் கூகுள் இந்தியாவில் எட்டு நகரங்களில் கொண்டுவந்தபோது அவற்றுள் கோயம்புத்தூரும் இருந்தது. ஆனால் அது நகரத்துக்கான வசதி, கீழ்பவானி வாய்க்கால் மேட்டுத் தடத்துக்கு உதவாது. ஆகவே புறப்படும் முன்பே, போனில் முழு வழியையும் விரித்துப் பார்த்து, இடையில் ஓர் ஊரை நிறுத்தமாகச் சேர்த்துவிடுங்கள். திருப்பூரிலிருந்து கோபிக்கு வருபவர் குன்னத்தூரைச் சேர்த்தால், குறுக்குத் தடங்கள் பெரும்பாலும் விலகிவிடும்.

ஊர்ப் பெயரைப் பொறுத்தவரை, நம் பக்கம் பாளையங்களுக்குக் குறைவே இல்லை. புதுப்பாளையம், குமாரபாளையம் என்று ஒரே பெயரில் பல ஊர்கள் இருக்கையில், பெயரை மட்டும் தட்டச்சு செய்வது போதாது. வட்டத்தின் பெயரோ அஞ்சல் குறியீட்டு எண்ணோ சேருங்கள். அதைவிட நல்லது, கல்யாண வீட்டாரையே மண்டப வாசலில் நின்று வாட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்பச் சொல்வது. அழைப்பிதழ் அடிப்பவர்கள் அந்த இடத்துக்கான க்யூஆர் கட்டக் குறியீட்டையும் ஒரு மூலையில் அச்சிட்டால் எத்தனையோ பேர் தாலி கட்டுவதைத் தவறவிடாமல் வந்து சேர்வார்கள்.

கேள்வி: திம்பம் வழியாக மைசூருக்குப் போகும்போது சிக்னல் போய்விடுகிறது. மேப் நின்றுவிடுமா?
– வாசகர், சத்தியமங்கலம்

பதில்: தாங்கள் இருக்கும் இடத்தை அறிய இணையம் தேவையில்லை, சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் சமிக்ஞையைக் கொண்டு போனே அதைக் கணக்கிட்டுக்கொள்ளும். இணையம் வேண்டியிருப்பது வரைபடத்துக்கும் புது வழி தேடுவதற்கும். எனவே சத்தியிலேயே, வீட்டு வைஃபையில், கூகுள் மேப்ஸின் ஆஃப்லைன் பகுதிக்குப் போய், சத்தியிலிருந்து சாம்ராஜ்நகர் தாண்டி மைசூர் வரை கட்டத்துக்குள் வரும்படி வைத்து இறக்கிக்கொள்ளுங்கள். காரின் திரையிலும் அதுவே தெரியும். போக்குவரத்து நெரிசல் மட்டும் தெரியாது. திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதேனும் ஒன்றில் லாரி பழுதாகி நின்றால், அதைத் திரை சொல்லும் என்று எதிர்பார்க்க வேண்டாம். புலிகள் காப்பகத்துக்குள் செல்லும் அந்தச் சாலையில், உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2022 முதல் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. மாலையில் கிளம்புவதானால் பண்ணாரி சோதனைச் சாவடி நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அவிநாசி சாலை மேம்பாலத்தில் போகும்போது, கீழே இருக்கும் சிக்னலில் திரும்பச் சொல்கிறது. ஏன்?
– வாசகர், பீளமேடு

பதில்: உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டருக்குப் பாலமும் சாலையும் மேலும் கீழுமாக ஒரே கோட்டில் ஓடுகின்றன. ஜிபிஎஸ், இடத்தைச் சொல்லும் அளவுக்கு உயரத்தைத் துல்லியமாகச் சொல்லாது. அதனால் வண்டி மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று போன் தடுமாறுகிறது. பாலத்தில் அது திரும்பச் சொன்னால் வேகத்தைக் குறைக்கவே வேண்டாம், பின்னால் வருபவர் மோதிவிடுவார். ஏறும் முன்பே எந்த இறங்குதளம் என்று முடிவு செய்துகொண்டு, பாலத்தில் இருக்கும் பச்சைப் பலகையைப் பார்த்து இறங்குங்கள். கீழே வந்த சிறிது நேரத்தில் திரை தானாகவே சரியாகிவிடும்.