வேலைக்காகச் சென்னைக்கு வந்த பிறகு, கூட இருப்பவர்களைவிட்டு ஒதுங்காமல் கிறிஸ்தவராக வாழ்வது எப்படி?

முடியும் தம்பி. நண்பர்களையும் இழக்காமல் விசுவாசத்தையும் விடாமல் வாழ வழி உண்டா என்ற உங்கள் கேள்வியோடுதான் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பு நானும் எழும்பூரில் ரயிலை விட்டு இறங்கினேன்.

எங்கள் ஊர் சாத்தான்குளம் பக்கம். அருகில்தான் முதலூர். புதிதாகக் கிறிஸ்தவர்களானவர்கள் துன்புறுத்தலுக்குத் தப்பி, 1799இல் தனியே குடியேறி உண்டாக்கிய ஊர் அது. சிறு வயதில் அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்ததால், கிறிஸ்தவ வாழ்க்கைக்கு அப்படி ஓர் ஊர் வேண்டும் என்றே நினைத்திருந்தேன். கோயில் மணி, மாலையில் குடும்ப ஜெபம், ஆண்டுக்கொரு முறை அசனம் என்னும் சபை விருந்து என்று எல்லாமே நம்மைப் பிடித்து நிறுத்தும். சென்னையில் அப்படிப் பிடித்து நிறுத்த யாரும் இல்லை. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து என்னும் உபவாச நாட்கள் தொடங்கியதே பக்கத்து இருக்கைக்காரருக்குத் தெரியாது.

அப்போது எனக்குத் துணையாக வந்தவர் வேதாகமத்தில் வரும் தானியேல். சிறைபிடித்துக் கொண்டுபோன பாபிலோனில் அவருக்குப் பெயரையே மாற்றினார்கள். அந்நாட்டுக் கல்தேயரின் எழுத்தையும் மொழியையும் கற்றார், அரண்மனையில் வேலையும் பார்த்தார். ராஜாவின் உணவு விஷயத்தில் மட்டும் மறுத்தார். அதையும் சண்டை போட்டுச் சொல்லவில்லை. பருப்பும் மரக்கறியும் தண்ணீரும் கொடுத்துப் பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்று பணிவாகக் கேட்டார். 'தன் இருதயத்தில் தீர்மானம்பண்ணிக்கொண்டு' என்று தானியேல் புத்தகத்தின் முதல் அதிகாரத்தில் வருகிறதே, அந்த வரியைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். எங்கே நிற்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டும். அந்த நேரம் வந்த பிறகு யோசிக்கலாம் என்று இருந்தால் வாய் எழும்பாது.

எனக்கு அந்த நேரம் மூன்று டாக்ஸி பில்களாக வந்தது. நான் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மேலாளர் அவற்றை என் மேசையில் வைத்தார். மூன்றிலும் ஒரே கையெழுத்து, ஒரே நீல மை. தேதிகள் மட்டும் வேறு. அதில் ஒரு தேதியில் அவர் நாள் முழுவதும் எனக்கு எதிர் அறையில் உட்கார்ந்திருந்தார். "எல்லாரும் செய்வதுதானே அம்மா, பாஸ் செய்துவிடுங்கள்" என்றார். "சார், போகாத பயணத்துக்கு என்னால் கையெழுத்துப் போட முடியாது. உண்மையில் செலவானதை எழுதிக் கொடுங்கள், இன்றைக்கே பணம் வரச் செய்கிறேன்" என்றேன். மேசைக்கு அடியில் என் கால் நடுங்கியது. அவர் எதுவும் பேசாமல் பில்களை எடுத்துக்கொண்டு போனார். என் பதவி உயர்வு இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போனது. அது பிறகு வேறு வழியில் ஈடாகிவிட்டது என்று சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் அன்று இரவு நிம்மதியாக ஜெபித்தேன்.

விருந்துகள் இதைவிட எளிது. போகிறேன், எலுமிச்சைச் சாறு குடித்துவிட்டு எல்லாரோடும் பேசிச் சிரிக்கிறேன். இரண்டு முறைக்குப் பிறகு மது குடிக்கச் சொல்லி யாரும் வற்புறுத்துவதில்லை. ஆயுத பூஜையன்று அலுவலகத்தைச் சுத்தம் செய்வதிலும் தோரணம் கட்டுவதிலும் கூட நிற்கிறேன், பூஜை நேரத்தில் விலகிக்கொள்கிறேன். பூஜையில் படைத்த பொரியையும் சுண்டலையும் வாங்கிச் சாப்பிடுவதா வேண்டாமா என்பதில் நம் சபைகளிலேயே ஒருமனம் இல்லை. படைத்த உணவைப் பற்றிப் பவுல் எழுதிய 1 கொரிந்தியர் 8ஆம் அதிகாரத்தை வாசித்துவிட்டு உங்கள் மனச்சாட்சிப்படி முடிவெடுங்கள்.

ஆனால் தம்பி, வெளியே இருக்கும் உலகத்தை மட்டும் குறை சொல்வது நேர்மையாகாது. என்னைப் பெண் பார்க்க வந்த மூன்று குடும்பங்களும் விசுவாசக் குடும்பங்கள்தான். வந்தவுடன் ஜெபம் செய்தார்கள். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்ததும் எத்தனை பவுன் என்று கேட்டார்கள். சாதியைத் தரகரிடம் முன்னமே விசாரித்திருந்தார்கள். அப்பா மூன்று பேருக்கும் காபி கொடுத்து அனுப்பிவைத்தார். உலகத்தின் போக்கில் போகாதீர்கள் என்று சொல்லும் 'இந்தப் பிரபஞ்சத்திற்கு ஒத்த வேஷந்தரியாமல்' என்ற வசனத்தைச் சினிமாவுக்கும் உடைக்கும் எதிராக எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். வரதட்சணைக்கு எதிராகக் கேட்டது மிகக் குறைவு. உங்களுக்குத் திருமணப் பேச்சு வரும்போது, "எனக்கு எதுவும் வேண்டாம்" என்பதை நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள். அம்மா அப்பா பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடாதீர்கள்.

தனியாக மட்டும் இருக்காதீர்கள்; தானியேலோடும் மூன்று பேர் இருந்தார்கள். ஊரில் அம்மா உலை வைக்குமுன் கோயிலுக்கென்று ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போடுவார். அதே வழக்கத்தை இங்கே நானும் வைத்திருக்கிறேன். அந்த அரிசியைத்தான் வியாழக்கிழமை மாலைகளில் சமைக்கிறோம். விடுதிகளில் தங்கியிருக்கும் ஐந்தாறு பிள்ளைகள் வருவார்கள். ஒரு சங்கீதம் வாசிப்போம், அந்த வாரம் அலுவலகத்தில் எங்கே சறுக்கினோம் என்று ஒளிக்காமல் பேசுவோம், பிறகு சாப்பிடுவோம். உங்கள் பகுதியிலும் இப்படி ஒரு வீடு இருக்கும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உடனே கிளம்பிவிடாமல், வாசலில் நின்று விசாரியுங்கள்.