பால் போத்தலால் நிரம்பிய வயிற்றில் சோற்றுக்கு இடம் ஏது?

கோண்டாவிலில் இருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "மகனுக்கு மூன்று வயது, நிறை 12.2 கிலோ. சோற்றைக் கண்டால் வாயை இறுக்கி மூடுகிறான். போனைக் காட்டித் தீத்தினால் நாலு வாய் போகும். பால்மா மட்டும் நாலு போத்தல் குடிப்பான். பசிக்கு மருந்து வாங்கிக் கொடுக்கச் சொல்லி மாமி சொல்கிறா. கொடுக்கலாமா?"

அம்மா, முதலில் பயத்தை விடுங்கள். மூன்று வயது ஆண்பிள்ளையின் நடுத்தர நிறை 14.3 கிலோ. 11.3க்குக் கீழே போனால்தான் நிறை குறைவு என்பார்கள். உங்கள் பிள்ளை கொஞ்சம் மெலிவு, அவ்வளவுதான். முதல் வருடத்தில் பிறந்த நிறையைப் போல மூன்று மடங்காகும் பிள்ளை, இந்த வயதில் வருடத்துக்கு இரண்டு கிலோ அளவில்தான் கூடும். அதனால் பசியும் முன்னைப்போல இருக்காது.

சிக்கல் அந்த நாலு போத்தலில்தான் இருக்கிறது. போத்தலுக்கு 200 மில்லிலீற்றர் என்றாலும் 800 ஆகிவிடும். இந்த வயதுக்கு 400 முதல் 500 வரை போதும். பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. பாலே சாப்பாடாகிவிட்டால் இரத்தம் குறையும், இரத்தம் குறைந்தால் பசியும் குறையும். ஆகவே போத்தலை நிறுத்தி, சாப்பாடு முடிந்த பிறகு கோப்பையில் இரண்டு தரம் பால் கொடுங்கள். மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு சிற்றுண்டி. மற்ற நேரத்தில் தண்ணீர் மட்டும், பிஸ்கற்றும் ரொபியும் வேண்டாம். தேத்தண்ணியும் வேண்டாம், அது இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாது. இரண்டு மூன்று நாள் அழுவான். வீட்டில் எல்லோரும் ஒரே பிடியாக நிற்க வேண்டும்.

அப்புறம், சின்ன வயிறு, சாப்பிடுகிற கொஞ்சமும் சத்தாக இருக்கட்டும். நம் வீடுகளில் பிள்ளைக்கென்று சொதியை நிறைய விட்டுச் சோற்றைக் குழைத்துவிடுகிறோம். தண்ணிச்சொதி வயிற்றை நிரப்புமே தவிர நிறையைக் கூட்டாது. கட்டிப் பருப்பும் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயும் சேருங்கள், அந்த எண்ணெயிலேயே 40 கலோரிக்கு மேல் இருக்கிறது. முள் எடுத்த மீன், முட்டை, முருங்கையிலை போட்ட புட்டு, பனங்கட்டி சேர்த்த உழுத்தங்களி எல்லாம் நல்லவை. களியைப் பெரியபிள்ளை ஆனவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை. கச்சானை இடித்துத்தான் கொடுக்க வேண்டும். ஐந்து வயதுக்குள் முழுக் கச்சான் மூச்சுக்குழாயில் அடைத்துவிடும்.

போனை எடுத்துவிட்டு உங்களோடு இருத்திச் சாப்பிட விடுங்கள். தன் கையால் சிந்திச் சாப்பிடட்டும். அரை மணித்தியாலத்துக்குள் முடிக்காவிட்டால் திட்டாமல் சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துவிடுங்கள். புதிய கறி ஒன்றைப் பத்துத் தரம் வைத்த பிறகுதான் சில பிள்ளைகள் தொடுவார்கள். மூக்கைப் பிடித்துத் தீத்தினால் சாப்பாட்டின் மேலேயே வெறுப்பு வரும்.

மாமி சொன்ன பசி மருந்தை நீங்களாகக் கடையில் வாங்க வேண்டாம். அப்படியான சிரப் சில தூக்க மயக்கம் தரும். நிறுத்தினால் பசி பழையபடி போய்விடும். வயிற்றுப் பூச்சி மருந்து எப்போது கொடுக்க வேண்டும் என்று மட்டும் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டுப் பாருங்கள். மாதாமாதம் நிறை பார்த்து, பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டில் குறிக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று மாதமாகக் கோடு ஏறாவிட்டாலோ, வெளிறிப்போனாலோ, அடிக்கடி காய்ச்சல், வயிற்றோட்டம், விழுங்கும்போது புரையேறுதல் இருந்தாலோ, பதிவேட்டையும் கொண்டு பிள்ளை வைத்தியரிடம் போங்கள்.