இன்னொரு ரியூசன் வகுப்பில் சேர்க்க முன்னர்

மதிப்புக்குரிய அம்மா,

அடுத்த உயர்தரப் பரீட்சைக்கு உயிரியல் பிரிவில் தோற்றவிருக்கும் உங்கள் மகள் அதிகாலை ஐந்தரைக்கே சைக்கிளில் வகுப்புக்குப் புறப்பட்டு, பாடசாலையும் மாலை வகுப்பும் முடித்து இரவு எட்டு மணியளவில் வீடு திரும்புகிறார் என்று எழுதியிருந்தீர்கள். தவணைப் பரீட்சையில் பௌதிகவியல் புள்ளி இறங்கிவிட்டபடியால், ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னோர் ஆசிரியரிடமும் சேர்த்துவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். சேர்க்க வேண்டாம் என்பதே என் பதில். நீங்கள் கேட்க நினைத்த பதில் இதுவல்ல என்பது எனக்குத் தெரியும். ஆகவே காரணத்தை விரிவாகவே சொல்கிறேன்.

பௌதிகவியலின் முதலாம் வினாத்தாளில் 50 பல்தேர்வு வினாக்கள் இருக்கின்றன; தரப்படுவது 2 மணித்தியாலம், அதாவது ஒரு வினாவுக்கு இரண்டரை நிமிடத்துக்கும் குறைவு. இரண்டாம் வினாத்தாளின் 3 மணித்தியாலத்தில் நான்கு அமைப்புக் கட்டுரை வினாக்களையும், ஆறு கட்டுரை வினாக்களுள் தெரிந்தெடுத்த நான்கையும் எழுதவேண்டும். எட்டு வினாக்களுக்குப் பகிர்ந்தால் ஒன்றுக்கு ஏறத்தாழ 22 நிமிடங்கள் வரும். இந்த வேகத்தை வகுப்பில் உட்கார்ந்து கேட்பதால் எவரும் பெற்றதில்லை. ஆசிரியர் கரும்பலகையில் ஒரு கணக்கைச் செய்துகாட்டும்போது பிள்ளைக்கு விளங்குகிறது; மறுநாள் தனியே அதே கணக்கின் முன் இருக்கும்போதுதான், எந்த விதியில் தொடங்குவது என்பதே தெரியவில்லை என்பது தெரியவருகிறது. அந்தத் தனிமையான நேரம் உங்கள் மகளின் நாட்குறிப்பில் எங்கே இருக்கிறது? நீங்கள் எழுதியனுப்பிய நேரசூசியை இருமுறை பார்த்தேன். ஞாயிறு காலை ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. அதையும் விற்றுவிட வேண்டாம்.

அந்த ஞாயிறு காலையில் அவர் ஒரு கடந்தகால வினாத்தாளை, கைபேசியை உங்களிடம் தந்துவிட்டு, மணிக்கூட்டை முன்னால் வைத்து, பரீட்சை மண்டபத்தில் எழுதுவதுபோல் முழுமையாக எழுதட்டும். எழுதியதைப் பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளியிடும் திட்டத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, இழந்த ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் காரணத்தை எழுதவேண்டும்: பாடமே தெரியாமல் விட்டதா, தெரிந்தும் அலகைத் தவறவிட்டதா, வினாவை முழுதாக வாசிக்காமல் எழுதியதா, நேரம் போதாமல் போனதா. நான்கைந்து வாரங்களில் அந்தக் கொப்பி எந்த ஆசிரியரும் சொல்லமுடியாத ஒன்றைச் சொல்லிவிடும். பௌதிகவியல் தனக்கு வராது என்று அழுதுகொண்டு என்னிடம் வந்த ஒரு மாணவியின் விடைத்தாள்களை இப்படிப் பிரித்துப் பார்த்தபோது, அவர் இழந்த புள்ளிகளில் பெரும்பகுதி வரைபுகளை வாசிப்பதிலும் அலகு மாற்றத்திலுமே போயிருந்தது. அதற்கு இரண்டு வாரப் பயிற்சி போதுமாக இருந்தது. தொண்டைமானாறு வெளிக்கள நிலையம் நடத்தும் மாதிரிப் பரீட்சைகளையும் இந்தக் கண்ணோடுதான் பாருங்கள். வரும் புள்ளியைவிடத் திரும்பி வரும் விடைத்தாள் பெறுமதியானது. பல்தேர்வில் பிழையான விடைக்குப் புள்ளி கழிக்கப்படுவதில்லை. ஆகவே ஒன்றையேனும் வெறுமையாக விடக்கூடாது என்பதையும் சொல்லிவையுங்கள்.

இனி, மூன்று ஏ எடுத்தும் அயல்வீட்டுப் பிள்ளைக்கு மருத்துவம் கிடைக்கவில்லையே என்று நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஏ சித்தி 75 புள்ளியில் தொடங்குகிறது. 76 எடுத்தவருக்கும் 95 எடுத்தவருக்கும் சான்றிதழில் அதே எழுத்துத்தான். அனுமதியைத் தீர்மானிப்பது இசட் புள்ளி. ஒரு பாடத்தில் பிள்ளை பெற்ற புள்ளியிலிருந்து அந்தப் பாடத்துக்குத் தோற்றிய அனைவரின் சராசரியைக் கழித்து, வருவதை நியம விலகலால், அதாவது எல்லோரின் புள்ளிகளும் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரந்திருக்கின்றன என்பதைக் காட்டும் அளவால், வகுத்தால் அது கிடைக்கும். உதாரணத்துக்காக, ஒரு பாடத்தின் சராசரி 40, நியம விலகல் 20 என்று வைத்தால், 70 எடுத்தவரின் இசட் புள்ளி 1.5 ஆகும், இன்னொரு பாடத்தின் சராசரி 55, நியம விலகல் 15 என்றால் அதே 70க்கு 1.0 மட்டுமே. மூன்று பாடங்களினதும் இசட் புள்ளிகளின் சராசரியே இறுதியில் நிற்பது. ஆகவே பலரும் தடுமாறும் பாடத்தில் பிள்ளை முன்னேறும் ஒவ்வொரு புள்ளிக்கும் மதிப்புண்டு. பிடித்த உயிரியலையே மீண்டும் மீண்டும் படித்துப் பௌதிகவியலைக் கைவிடுவது பெரும் இழப்பு. சென்ற ஆண்டின் வெட்டுப்புள்ளியை, அதாவது அனுமதி கிடைத்த கடைசி இசட் புள்ளியை, சுவரில் ஒட்டிவைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். அது ஆண்டுக்காண்டு மாறும் எண். தயவுசெய்து அதைக் கழற்றிவிடுங்கள்.

இந்த இசட் புள்ளி முறையைத் தரப்படுத்தல் என்று உங்கள் தகப்பனார் கோபிப்பதிலும் நியாயமான ஒரு நினைவு இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்கு மொழிவாரியாகப் புள்ளிகளைச் சரிசெய்ததும், பின்னர் மாவட்ட ஒதுக்கீடு வந்ததும், யாழ்ப்பாணத்தின் ஒரு தலைமுறையையே காயப்படுத்தின. இன்றைய இசட் புள்ளி அதுவல்ல; 2001ஆம் ஆண்டுப் பரீட்சையிலிருந்து வெவ்வேறு பாடங்களின் புள்ளிகளை ஒப்பிடுவதற்காகப் பயன்படுவது. மாவட்ட ஒதுக்கீடு மட்டும் தொடர்கிறது: பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் நாடளாவிய திறமைக்கும், 55 வீதம் சனத்தொகைக்கேற்ப மாவட்டங்களுக்கும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் செல்கின்றன. பல்கலைக்கழக அனுமதிக்கு, உயர்தரப் பாடங்களோடு எழுதும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளியாவது எடுக்கவேண்டும் என்பதைப் பலர் கடைசி மாதம்வரை மறந்துவிடுகிறார்கள், நீங்கள் மறக்கவேண்டாம்.

மருத்துவம் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்ற பேச்சை இப்போதே வீட்டில் தொடங்குங்கள். அது பிள்ளையின் மனத்தைத் தளர்த்தும் என்று அஞ்சுகிறீர்கள். என் அனுபவத்தில் அதற்கு எதிரானதே நடக்கிறது, ஏனெனில் ஒரே ஒரு வாசல்தான் உண்டு என்று நம்பும் பிள்ளைதான் வினாத்தாளைக் கண்டதும் கைநடுங்குகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலேயே தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் ஆகியன இருக்கின்றன. கைதடியில் சித்த மருத்துவமும், கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாய பீடமும் உண்டு. பேராதனையில் கால்நடை மருத்துவம் இருக்கிறது. இவற்றில் எவற்றைப் பிள்ளை உண்மையிலேயே விரும்பிப் படிப்பார் என்பதை அவரிடமே கேளுங்கள். பெறுபேறு வந்தபின் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலைப் பார்த்து விண்ணப்பிக்கும்போது, விருப்ப ஒழுங்கை அயலவரின் கணக்குகளுக்கேற்ப மாற்றாமல், உண்மையான விருப்பத்தின் வரிசையிலேயே இடவேண்டும். மேலே இட்ட ஒன்று கிடைக்காமல் போனால் அடுத்தது பரிசீலிக்கப்படும். அதனால் ஆசைப்பட்டதை முதலில் எழுதுவதால் நட்டமில்லை. பல்கலைக்கழக அனுமதிக்காக மூன்று தடவைகள் தோற்ற இடமுண்டு என்பதையும் பிள்ளை அறிந்திருக்கட்டும், ஆனால் முதலாம் தடவையை ஒத்திகையாக எண்ணவேண்டாம்.

உறக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. இரவு பன்னிரண்டுக்குப் படுத்து நாலரைக்கு எழும் பிள்ளை, மாலை வகுப்பில் கண்ணைத் திறந்துகொண்டு தூங்குகிறது. அதற்கும் நீங்கள் கட்டணம் செலுத்துகிறீர்கள். காலை வகுப்பா, மாலை வகுப்பா, எது அதிகம் பயன்படுகிறது என்று அவரையே தெரிவுசெய்யச் சொல்லி, மற்றதை நிறுத்துங்கள்.

அடுத்த சந்திப்புக்கு வரும்போது தேர்ச்சி அறிக்கையைக் கொண்டுவரத் தேவையில்லை. மகளையும், அவர் நேரம் வைத்து எழுதித் தானே திருத்திய இரண்டு பௌதிகவியல் விடைத்தாள்களையும் அழைத்துவாருங்கள். அவற்றை வைத்துக்கொண்டு மூவருமாக மிகுதி மாதங்களுக்கு நேரசூசி போடுவோம்.