வைர நகை வாங்கும்போது கேரட், சென்ட், விவிஎஸ் என்கிறார்களே, அவற்றுக்கு என்ன அர்த்தம்?

வீட்டுக் கல்யாணத்துக்கு முதல் தடவையாக வைரம் எடுக்கப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். 2009இல் என் மூத்த மகளுக்கு எடுத்தபோது இந்தக் கேள்வியை யாரிடமும் கேட்காமல் விட்டவள் நான். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

எடுத்தது ஏழு கல் தோடு. "ஒரு கேரட் வைரம் அம்மா, 18 கேரட் தங்கம், கல் எல்லாம் விவிஎஸ்" என்றார் கடைக்காரத் தம்பி. கேரட் என்றால் எனக்குத் தெரிந்தது தங்கத்தின் தரம் மட்டும்தான். வைரத்துக்கும் அப்படி ஏதோ ஒரு தரம் போலிருக்கிறது என்று எண்ணிப் பணத்தைக் கட்டிவிட்டேன். சம்பந்தி அம்மாள் தோட்டைக் கையில் வாங்கிப் பார்த்து, "ஒவ்வொரு காதுக்கும் ஒரு கேரட்டா?" என்று கேட்டார். "ஆமாம்" என்றேன். அந்த ஒரு வார்த்தை இன்றைக்கும் உறுத்துகிறது.

2016இல் என் கணவருக்கு இதய அறுவை சிகிச்சை. கையில் இருந்த பணம் போதவில்லை. நான் கேட்காமலே மகள் தோட்டைக் கழற்ற உட்கார்ந்தாள். திருகாணி இறுகிப்போயிருந்தது. சோப்புத் தண்ணீர் விட்டுத் திருகித் திருகி எடுத்தோம். காது மடல் சிவந்துவிட்டது. வங்கியில் நகை மதிப்பீட்டாளர் அதை உரைகல்லில் தேய்த்து, தராசில் வைத்து, லென்ஸில் பார்த்தார். "வைரத்துக்குக் கடன் கிடையாது அம்மா, தங்கத்துக்கு மட்டும்தான்" என்றார். ஒரு கேரட் வைரமாயிற்றே என்றேன். அவர் கோபப்படாமல் ஒரு தாளை எடுத்து 14 × 7 = 98 என்று எழுதிக் காட்டினார்.

ஒரு காதுக்கு ஏழு கல், இரண்டு காதுக்கும் பதினான்கு கல். ஒவ்வொன்றும் 7 சென்ட். ஆக மொத்தம் 98 சென்ட். கடையில் அதைத்தான் ஒரு கேரட் என்றார்கள். வைரத்துக்குக் கேரட் என்பது எடை: ஒரு கேரட் 200 மில்லிகிராம், அதில் நூறில் ஒரு பங்கு சென்ட். ஒரே கல்லாக ஒரு கேரட் இருந்தால் அதன் விலையே வேறு. பொடிக் கற்கள் பதினான்கைக் கூட்டி ஒரு கேரட் ஆக்கினால் அந்த விலைக்குப் பக்கத்தில்கூட வராது. தங்கத்தின் கேரட்டோ சுத்தத்தைச் சொல்வது. 24இல் 18 பங்கு தங்கம் என்றால் முக்கால் பங்கு. நகையில் 750 என்று முத்திரை இருக்கும். நாம் பழகிய 22 கேரட்டுக்கு 916. என் தோட்டில் தங்கம் மட்டும் 6 கிராம். 22 கேரட் கணக்குக்கு மாற்றினால் அது 5 கிராம்கூட வராது. அவர் சொல்லித்தான் தெரிந்தது.

கடைக்காரர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. 18 கேரட்டும் தப்பில்லை. 22ஐவிட அது கடினமானது, கல்லை இறுகப் பிடிக்கும். அவர் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை, எனக்குத்தான் விளங்கவில்லை. "பில்லைப் படித்திருக்கலாமே" என்று எழுத வருபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். படித்தேன். முழுக்க ஆங்கிலம், அதுவும் எறும்பு எழுத்தில். தமிழ்நாட்டில் கடை வைத்து, கடைப்பெயரை ஆளுயரத் தமிழில் எழுதி, கல்யாணத்துக்காக ஆயுள் சேமிப்பைக் கொண்டுவரும் பெண்களுக்குத் தமிழில் ஒரு பில் தர ஏன் முடியவில்லை? நகைக்கு மட்டும் இல்லை, ஆஸ்பத்திரியில் கையெழுத்து வாங்கிய ஆறு தாளும் ஆங்கிலம்தான். கணவரை உள்ளே கொண்டுபோன பிறகு, எதில் கையெழுத்துப் போட்டேன் என்று தெரியாமல் இரவு முழுவதும் உட்கார்ந்திருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

விவிஎஸ் என்பது கல்லுக்குள் இருக்கும் குறையைப் பற்றியது. பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்தாலும் தேர்ந்தவர் கண்ணுக்கே சிரமப்பட்டுத்தான் குறை தெரியும் என்று பொருள். கூடவே இஎஃப் என்றும் சொல்வார்கள், அது நிறம். நிற வரிசை ஆங்கில எழுத்து டியில் தொடங்கும், அதுதான் நிறமே இல்லாத வெள்ளை. அடுத்த இ, எஃப் இரண்டும் சேர்ந்ததுதான் இஎஃப். இசட் வரை போகப் போக மஞ்சள் கூடும். 'புளூ ஜாகர்' என்று நம் ஊர்க் கடைகளில் மரியாதையாகச் சொல்வது தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபொன்டெய்ன் சுரங்கத்தின் பெயரிலிருந்து வந்தது. அந்தச் சுரங்கத்தை 1971லேயே மூடிவிட்டார்கள். இன்றைக்கு அந்தப் பெயரைச் சொன்னால், ஆய்வகச் சான்றிதழில் நிறத்துக்கும் குறைக்கும் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். 'அமெரிக்கன் டைமண்ட்' வைரமே இல்லை. ஆய்வகத்தில் வளர்த்த வைரம் வைரம்தான், ஆனால் விலை மிகக் குறைவு. பில்லில் அதைக் குறிப்பிட்டிருக்க வேண்டும்.

முத்தும் எடுப்பதாக இருந்தால் ஒரு வார்த்தை. கல்ச்சர் முத்து என்றால் போலி என்று என் அண்ணி சாதிப்பார். அப்படி இல்லை. சிப்பிக்குள் ஒரு சிறு மணியைக் கருவாக வைப்பது மட்டும்தான் மனிதர் வேலை, முத்தை வளர்ப்பது சிப்பிதான். தூத்துக்குடியிலேயே 1973இல் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிறுவனம் அப்படி வளர்த்துக் காட்டியது. பல்லில் லேசாக உரசினால் முத்து நறநறவென்று இருக்கும், கண்ணாடி மணி வழுக்கும். ஆனால் இயற்கை முத்தா வளர்ப்பு முத்தா என்பதைப் பல் சொல்லாது, எக்ஸ்ரேதான் சொல்லும்.

தோட்டை எட்டு மாதத்தில் மீட்டு மகளிடம் கொடுத்துவிட்டேன். சம்பந்தி அம்மாளிடமும் நேரில் போய், இரண்டு காதுக்கும் சேர்த்துத்தான் 98 சென்ட் என்று சொல்லிவிட்டு வந்தேன். "இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தீர்கள்?" என்று காபி கொடுத்தார்.

உங்களுக்குக் கடையில் எழுதிக்கொடுத்த மதிப்பீட்டுச் சீட்டில் கல் எத்தனை, ஒரு கல் எத்தனை சென்ட், கல் எடை நீக்கித் தங்க எடை எவ்வளவு என்று தனித்தனியாக இருக்கிறதா? இருந்தால் கீழே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன். இல்லையென்றால் முன்பணம் கட்டாதீர்கள்.