செய்யுளில் அணி, எதுகை, மோனையை எப்படி அடையாளம் காண்பது?

பெயர்களை மனப்பாடம் செய்துவிட்டேன், பாட்டைப் பார்த்தால் எது உவமை, எது உருவகம் என்று குழம்புகிறது என்கிறீர்கள். பெரும்பாலும் குறளை வைத்தே சொல்கிறேன், அதுவே போதும்.

முதலில் வாய்விட்டுப் படியுங்கள். ஓசை நயம் காதில்தான் முதலில் சிக்கும். 'கற்க கசடறக் கற்பவை கற்றபின்' என்ற அடியில் நான்கு சீரும், அதாவது அடியின் நான்கு துண்டும், 'க'வில் தொடங்குகின்றன. முதல் எழுத்து ஒன்றுவது மோனை, நான்கு சீரிலும் ஒன்றினால் முற்று மோனை. அடுத்த அடி 'நிற்க' என்று தொடங்குகிறது. கற்க, நிற்க: இரண்டாம் எழுத்து ஒன்று, அதனால் அடி எதுகை. எதுகையில் முதல் எழுத்துகள் இரண்டும் குறிலாகவோ இரண்டும் நெடிலாகவோ இருக்க வேண்டும் என்பதையும் பாருங்கள். மோனையில் பலரும் தவறவிடுவது இன எழுத்துகளை. ச-வுக்கு த-வும், ம-வுக்கு வ-வும் மோனையாக வரும். ஓசைக்கு இவ்வளவு போதும்.

அணிதான் தலைவலி. அங்கே ஒரே கேள்வி கேளுங்கள்: கவிஞர் எதை வெளியே சொன்னார், எதை மறைத்தார்?

'அகழ்வாரைத் தாங்கும் நிலம்போலத் தம்மை / இகழ்வார்ப் பொறுத்தல் தலை.' நிலம் இருக்கிறது, பொறுமை இருக்கிறது, நடுவில் 'போல'வும் இருக்கிறது. எதுவும் மறையவில்லை. உவமை அணி.

'தொட்டனைத் தூறும் மணற்கேணி மாந்தர்க்குக் / கற்றனைத் தூறும் அறிவு.' கேணி ஒரு வாக்கியம், அறிவு ஒரு வாக்கியம். 'அதுபோல' என்ற சொல்லை நாமே போட்டுக்கொள்கிறோம். 'போல' என்னும் உவம உருபு மறைந்ததால் எடுத்துக்காட்டு உவமை.

'பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டம் / சால மிகுத்துப் பெயின்.' மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும். அவ்வளவுதான் குறள். எளிய பகைவர் என்றாலும் பலர் ஒன்றுசேர்ந்தால் வலியவனும் வீழ்வான் என்ற பொருளை வள்ளுவர் வாயே திறக்கவில்லை. பொருளே மறைந்தால் பிறிது மொழிதல். எனக்கு இதுதான் மிகவும் பிடித்தது. அதிகாரத் தலைப்பு வலியறிதல் என்று பார்த்தால் மறைந்திருப்பது எது என்று பிடிபட்டுவிடும்.

உருவகம் இந்த வரிசையில் வராது, அது வேறு கணக்கு. மலர்முகம் என்றால் மலர் போன்ற முகம், உவமை. முகமலர் என்றால் முகமே மலர், உருவகம்.

அப்புறம், 'போல்' வந்தாலே உவமை என்று எழுதிவிடாதீர்கள். சிலப்பதிகாரத்தில் மதுரை மதில்மேல் கொடிகள் காற்றில் அசைவதை, கோவலனையும் கண்ணகியையும் 'வாரல் என்பனபோல்', அதாவது 'வராதீர்கள்' என்பதுபோல், கைகாட்டித் தடுப்பதாக இளங்கோ பாடுகிறார். 'போல்' இருக்கிறது, ஆனால் கொடியை வேறு எதனோடும் ஒப்பிடவில்லை. இயல்பாக நடப்பதன்மேல் கவிஞர் தம் குறிப்பை ஏற்றுகிறார். இதைத் தற்குறிப்பேற்றம் என்று எழுதினால்தான் மதிப்பெண்.