மாவுக்கட்டு போட்ட காலில் நாடி கிடைக்கிறது, விரலும் சிவப்பாக இருக்கிறது. நர்ஸ் வேறென்ன பார்க்க வேண்டும்?

வலியைப் பார்க்க வேண்டும். நாடியை நம்பி அடுத்த படுக்கைக்கு நகர்வதுதான் இதில் நடக்கிற பெரிய தவறு.

முழங்காலுக்குக் கீழே டிபியா எலும்பு முறிந்தவருக்கு முதல் பயம் கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம், அதாவது உறையால் மூடிய தசை அறைக்குள் அழுத்தம் ஏறித் தசைக்கு ரத்தம் கிடைக்காமல் போவது. தசையை மூடிய உறை நீளாது, மேலே கட்டும் விரியாது. வீக்கம் ஏற ஏற உள்ளே நுண்ணிய ரத்தக்குழாய்கள் நசுங்கும். அந்த அழுத்தம் பெரும்பாலும் பெரிய தமனியை அடைக்கும் அளவுக்குப் போகாது. அதனால் தசை செத்துக்கொண்டிருக்கும்போதே பாதத்தில் நாடி அடிக்கும். நாடி போய், விரல் வெளுத்து, அசைவும் நின்ற பிறகு கண்டுபிடித்துப் பயனில்லை.

வலி ஊசி போட்டும் அடங்காமல் கூடிக்கொண்டே போகிறதா? கால் விரல்களை நீங்களே பிடித்து மெதுவாகக் கீழே மடக்குங்கள், பிறகு மேலே நிமிர்த்துங்கள். கட்டுக்குள் கால் தசையில் சுரீரென்று இழுத்தால் சந்தேகம் வலுக்கிறது. கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவிலுள்ள தோலைப் பஞ்சால் தொட்டு, மறு காலோடு ஒப்பிட்டுக் கேளுங்கள்; முன்பக்கத் தசை அறையின் நரம்பு அங்கேதான் வருகிறது. நகத்தை அழுத்தி விட்டால் 2 விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். ஆனால் திரும்பினாலும் நிம்மதி வேண்டாம்.

வலி அதிகமில்லை, விரலை மேலே தூக்க மட்டும் முடியவில்லை என்றால் கட்டின் மேல் விளிம்பு முழங்காலின் வெளிப்பக்க நரம்பை அழுத்துகிறதா என்று பாருங்கள்.

முதல் 24 மணி நேரம் மணிக்கொருமுறை பார்த்து, நேரத்தோடு எழுதுங்கள். சந்தேகம் வந்தால் காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்கக் கூடாது. சுமார் 6 மணி நேரத்தில் தசை மீளாமல் போகலாம். உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். தலையணை அடுக்கி உயர்த்திய காலை இதய மட்டத்துக்கு இறக்குங்கள். இன்னும் உயர்த்தினால் ரத்த ஓட்டம் குறையும். கட்டைப் பிளக்கும்போது உள்ளே சுற்றிய பஞ்சையும் தோல் தெரியும்வரை வெட்ட வேண்டும். ரத்தம் காய்ந்த பஞ்சு கட்டைப் போலவே இறுக்கும். அப்படியும் வலி குறையாவிட்டால் தசை உறையைக் கீற அறுவை சிகிச்சைதான். அதனால் வாய்வழியாக எதுவும் கொடுக்காதீர்கள்.

முதுகில் மரப்பு ஊசி போட்டவரிடம் வலி என்ற அடையாளமே மறைந்திருக்கும். சிறு குழந்தை வலியைச் சொல்லாது. அமைதியின்றிப் புரளும், வலி மருந்து அடிக்கடி தேவைப்படும்.