மகள் பாசி ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிறாள், விடலாமா?

வணக்கம் அம்மா. உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருந்தன. கடல் பாசியையும் பிளாங்க்டனையும் (நீரில் மிதந்து திரியும் சின்ன உயிர்கள்) படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்பது ஒன்று. நாலைந்து வருடம் கழித்து அவளே வருத்தப்பட்டால் என்ன செய்வது என்பது இன்னொன்று. நான் முதலில் இரண்டாவதை எடுத்துக்கொள்கிறேன். நான் பார்த்தவரை, இந்தத் துறையைப் பாதியில் விடுகிற பிள்ளைகள் வேலை இல்லாமல் விடுவது குறைவு. வேலை இப்படித்தான் இருக்கும் என்று தெரியாமல் வந்து, தெரிந்த பிறகு போகிறவர்கள்தான் அதிகம்.

உங்கள் மகள் தனியாக எழுதி வைத்திருந்த ஒரு பக்கத்தையும் படித்தேன். கப்பல் வருகிறது, பவளப்பாறை வருகிறது, டால்பின் இரண்டு இடத்தில் வருகிறது. பாசி ஒரே ஒரு தடவைதான் வருகிறது! அவளைக் கேலி செய்யவில்லை. பதினெட்டு வயதில் எல்லாருக்கும் கடல் என்றால் அதுதான். ஆனால் இந்த ஆராய்ச்சியில் இருப்பவர்கள் கப்பலில் போவது வருடத்தில் சில வாரங்கள். அதிலும் பாதி நாள் வாந்தி. மீதி மாதங்கள் கழிவது ஏசி ஓடும் ஒரு சின்ன அறையில்.

அந்த அறையைச் சொல்கிறேன், கேளுங்கள். தட்டு தட்டாக அலமாரி. ஒவ்வொரு தட்டிலும் டியூப் லைட், கீழே வரிசையாகக் கண்ணாடிக் குடுவைகள், வாயில் பஞ்சு அடைப்பு. பன்னிரண்டு மணி நேரம் விளக்கு எரியும், பன்னிரண்டு மணி நேரம் அணைந்திருக்கும். டயட்டம் (கண்ணாடி மாதிரி ஓடு உள்ள ஒற்றைச் செல் பாசி) வளரும் குடுவை தேன் நிறத்தில் இருக்கும், பச்சைப் பாசிக் குடுவை இளம் இலை நிறத்தில். போனதும் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து லேசாகச் சுழற்றி, அடியில் படிந்ததைக் கலக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். நேற்றைய நிறம்தானா? திரி திரியாக எதுவும் மிதக்கிறதா?

அப்புறம் உணவு தயாரிக்கும் வேலை. வடிகட்டிய கடல் நீரில் நைட்ரேட், பாஸ்பேட், துளி அளவு உலோக உப்புகள், மூன்று வைட்டமின்கள். டயட்டம் என்றால் ஓடு கட்டுவதற்குச் சிலிக்கேட்டும் வேண்டும். கில்லார்ட், ரைதர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1962-ல் வெளியிட்ட ‘எஃப்’ என்ற கலவையைப் பாதிச் செறிவில் போடுவதுதான் இன்றும் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. லேப்பில் ‘எஃப் பை டூ’ என்பார்கள். கேட்க எளிது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து ஆட்டோகிளேவில் (நுண்ணுயிர்களைக் கொல்லும் நீராவிக் கலம்) 121 டிகிரிக்கு ஏற்றினால் நீர் கலங்கி வெள்ளையாகப் படிவு விழும், வைட்டமின் சூட்டில் கெடும். எதை முன்னால் சேர்ப்பது, எதை ஆறிய பிறகு வடிகட்டிச் சேர்ப்பது என்பதெல்லாம் கைப்பழக்கம். சமையல் தெரிந்தவர்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும் என்று ஓர் ஆராய்ச்சியாளர் என்னிடம் சொன்னார். பாதி விளையாட்டாகத்தான் சொன்னார்.

பிறகு எண்ணுவது. இதைத்தான் உங்கள் மகள் தெரிந்துகொள்ள வேண்டும். ரத்த அணுக்களை எண்ணுவதற்கு வந்த அதே கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு கல்ச்சரை, அதாவது குடுவையில் வளரும் பாசி நீரை, விட்டு, மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் கட்டம் கட்டமாகக் கோடுகள் தெரியும். மேல்கோட்டையும் இடது கோட்டையும் தொடும் செல்லைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், கீழ்க்கோட்டையும் வலது கோட்டையும் தொடுவதை விட்டுவிட வேண்டும். பெரிய கட்டத்தில் 43 செல் இருந்தால் அதைப் பத்தாயிரத்தால் பெருக்க வேண்டும்: ஒரு மில்லி லிட்டரில் 4,30,000. அதே சொட்டை மறுபடி, மறுபடி. அடுத்த குடுவை. நாளையும் இதே நேரத்தில் இதே வேலை. தினம் இரட்டிப்பாகும் பாசி பத்து நாளில் ஆயிரம் மடங்கு தாண்டிவிடும் என்பதால், ஒரு நாள் எண்ணாமல் விட்டால் அந்த வளர்ச்சிக் கோட்டில் ஓட்டை விழும். ஞாயிற்றுக்கிழமை என்பது பாசிக்குத் தெரியாது.

இத்தனையும் செய்து ஒரு நாள் காலையில் வந்து பார்த்தால், தேன் நிறக் குடுவை வெறும் தண்ணீர் மாதிரி தெளிந்திருக்கும். எங்கிருந்தோ ஒரே ஒரு நுண்ணுயிர், பாசியைத் தின்பது, உள்ளே புகுந்திருக்கும். மூன்று மாத உழைப்பு மூன்று நாளில் காலி. ‘கல்ச்சர் கிராஷ்’ என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, தனியே வைத்திருக்கும் ஸ்டாக்கிலிருந்து மறுபடி தொடங்குவார்கள். அன்றைக்கு உங்கள் மகள் என்ன செய்வாள்? அழுதுவிட்டு அடுத்த குடுவையைக் கழுவினால் அவள் இதற்குப் பொருத்தமானவள். அழுவது தப்பில்லை.

ஆகவே, சேர்வதற்கு முன் மூன்று மாதம் ஏதாவது ஒரு பாசி லேப்பில் கையாளாக இருக்கட்டும். திட்டம், கட்டுரை எதுவும் வேண்டாம். குடுவை கழுவுவது, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பழைய கல்ச்சரிலிருந்து கொஞ்சம் எடுத்துப் புது நீரில் விடுவது, எண்ணுவது: இவ்வளவுதான் கேட்க வேண்டும். இப்படிக் கேட்கும் மாணவரைப் பெரும்பாலான லேப்கள் மறுப்பதில்லை, ஏனென்றால் யாரும் ஆசைப்பட்டுச் செய்யாத வேலை அது.

சரி, வேலைக்கு வருகிறேன்.

கைமேல் தெரியும் வேலை குஞ்சு பொரிப்பகங்களில். இறால், சிப்பி ஆகியவற்றின் குஞ்சுகளுக்கு ஆரம்ப நாட்களில் உயிருள்ள நுண்பாசிதான் உணவு. கீட்டோசெராஸ், ஐசோகிரைசிஸ் என்று பெயர்கள் சொல்வார்கள். மீன் குஞ்சுக்கு ரோட்டிஃபர் என்ற நுண்விலங்கைக் கொடுக்க வேண்டும், அந்த ரோட்டிஃபருக்கும் பாசி வேண்டும். பாசித் தொட்டி ஒரு நாள் கெட்டால் லட்சக்கணக்கான குஞ்சுகள் பட்டினி. அதனால் கல்ச்சர் கெடாமல் காப்பாற்றத் தெரிந்தவருக்கு அங்கே மதிப்பு உண்டு.

அடுத்தது, எண்ணத் தெரிந்தவர்களுக்கான வேலை. 1987-ல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவிலிருந்து வந்த சிப்பிகளைச் சாப்பிட்ட நூறு பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள், சிலர் இறந்தார்கள், சிலருக்கு நினைவாற்றலே போயிற்று. காரணம் சூடோநிட்சியா என்ற டயட்டம் உண்டாக்கிய டோமோயிக் அமிலம் என்ற நஞ்சு. அதற்குப் பிறகு, சிப்பி அறுவடை செய்யும் பல நாடுகளில் நீரை எடுத்து, எந்த இனம் எத்தனை இருக்கிறது என்று தொடர்ந்து பார்க்கிறார்கள். கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றி இறக்கும் நீர் பற்றிய சர்வதேச ஒப்பந்தமும் 2017 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. 10 முதல் 50 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லி மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள உயிரிகள், வெளியேற்றும் நீரில் ஒரு மில்லி லிட்டருக்குப் பத்துக்குக் குறைவாகத்தான் உயிரோடு இருக்கலாம். யாரோ ஒருவர் அதைச் சோதித்துச் சான்று தர வேண்டும் இல்லையா?

ஒமேகா 3, பீட்டா கரோட்டின் எடுக்கும் நிறுவனங்கள், கடற்பாசியிலிருந்து உணவைக் கெட்டியாக்கும் அகர், கராகீனன் எடுக்கும் ஆலைகள் ஆகியவற்றிலும் இடம் உண்டு. ஒன்றில் மட்டும் எச்சரிக்கை: பாசியிலிருந்து பெட்ரோலுக்கு மாற்று என்று பெரிய எழுத்தில் விளம்பரம் செய்யும் படிப்பையோ நிறுவனத்தையோ நம்பி முடிவெடுக்க வேண்டாம். அமெரிக்க அரசே 1978 முதல் 1996 வரை அதற்கென்று ஒரு திட்டம் நடத்திவிட்டு, விலை கட்டுப்படியாகாது என்று மூடியது. அறிவியல் பொய்யில்லை, கணக்குதான் உதைக்கிறது.

உங்கள் கணவர் கேட்டதாக எழுதியிருந்தீர்கள்: “இதனால் யாருக்கு என்ன லாபம்?” அவருக்கு கேத்லீன் ட்ரூ பேக்கரைப் பற்றிச் சொல்லுங்கள். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். திருமணமான பெண்களுக்கு அங்கே சம்பள வேலை கிடையாது என்பதால் பதவி போய், ஆராய்ச்சியை மட்டும் தொடர்ந்தார். தொட்டியில் ஒரு சிவப்புப் பாசியை வளர்த்துக்கொண்டிருந்தவர், சிப்பி ஓட்டுக்குள் இளஞ்சிவப்பாகப் படரும் இன்னொரு பாசி, அதுவரை வேறு இனம் என்று எல்லாரும் நினைத்தது, உண்மையில் இதே பாசியின் இன்னொரு பருவம் என்று கண்டு 1949-ல் எழுதினார். அந்தச் சமயத்தில் ஜப்பானில் நோரி (இதே வகைச் சிவப்புப் பாசி, அங்கே உணவு) விளைச்சல் படுத்திருந்தது. வித்து எங்கிருந்து வருகிறது என்றே அவர்களுக்குத் தெரியாது. சிப்பி ஓட்டில் வித்தை வளர்த்து வலையில் ஏற்றலாம் என்று இவருடைய கட்டுரையிலிருந்துதான் வழி கிடைத்தது. அவர் ஜப்பானுக்குப் போனதே இல்லை. ஆனாலும் அங்கே உட்டோ என்ற கடற்கரை ஊரில் அவருக்கு நினைவுச் சின்னம் வைத்து வருடாவருடம் விழா எடுக்கிறார்கள்.

எந்தப் பட்டம் என்பதில் நான் பிடிவாதமாக இல்லை. தாவரவியல், நுண்ணுயிரியல், உயிர்த் தொழில்நுட்பம், கடல் உயிரியல், எதுவானாலும் சரி. கூடவே புள்ளியியலும் கொஞ்சம் கம்ப்யூட்டர் நிரலும் கட்டாயம். பிளாங்க்டனை இப்போது டிஎன்ஏ வரிசை கொண்டும், கடலின் நிறத்தை அளக்கும் செயற்கைக்கோள் கொண்டும் பார்க்கிறார்கள். எண்களோடு பழகாதவர் அங்கே திணறுவார். முனைவர் பட்டம் வரை போனால், அதற்குப் பிறகு இரண்டு மூன்று வருட ஒப்பந்த வேலைகளாகவே கொஞ்ச காலம் ஓடும், ஊர் மாறிக்கொண்டே இருக்கும். இதை மறைத்துச் சொல்வது சரியில்லை.

அவளுக்கு ஒரு கருவியாவது முழுசாகக் கைவர வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். ஃப்ளோ சைட்டோமீட்டர் என்று ஒன்று. லேசர் ஒளியில் செல்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு எண்ணும். மருத்துவத்தில் ரத்த அணுக்களைப் பார்ப்பதற்குப் பயன்படுவது. சாலி சிஷோம் என்ற கடல் ஆராய்ச்சியாளரும் கூட்டாளிகளும் 1980-களில் அதைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனபோதுதான் புரோகுளோரோகாக்கஸ் என்ற நுண்ணுயிர் கண்ணில் பட்டது. குறுக்களவு ஒரு மைக்ரானுக்கும் குறைவு. ஒளிச்சேர்க்கை செய்யும் உயிரிகளில் உலகிலேயே எண்ணிக்கையில் அதிகமானது அதுதான், அதுவரை யாருக்கும் தெரியவில்லை. அதே கருவியை இன்று ரத்தப் புற்றுநோய்ப் பரிசோதனைக் கூடங்களில் பார்க்கலாம். கடல் கைகொடுக்காவிட்டால் அந்தப் பக்கம் போக முடியும்.

இப்போதைக்கு எந்தக் கல்லூரிக்கும் பணம் கட்ட வேண்டாம். ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கிக் கொடுங்கள். லேப்பில் அவள் எண்ணுவதை அன்றன்றைக்கே தேதியோடு அதில் எழுதட்டும், கெட்டுப்போன குடுவைகளையும் சேர்த்து. மூன்று மாதம் முடிந்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு அவளையே வரச் சொல்லுங்கள். எத்தனை நாள் விட்டுப்போயிருக்கிறது என்பதை மட்டும்தான் முதலில் பார்ப்பேன்.